காற்று விழும் வேளை

தெல்லிப்பழை கடலோர ஊரன்று. செம்மண்ணும் கிணறும் வாழையும் புகையிலையுமே இவ்வூரின் செல்வம். ஆயினும் மாரிகாலத்து இரவுகளில் வாடைக்காற்று எழுந்துவிட்டால், காங்கேசன்துறைக் கடலின் இரைச்சல் எங்கள் வீட்டுத் திண்ணை வரை வந்து கேட்கும். தோட்டக்காரர் பரம்பரையிற் பிறந்து, கணித ஆசிரியனாகக் காலங்கழித்து ஓய்வு பெற்ற நான், ஒரு சிறு பாய்வள்ளத்துக்குச் சவள் பொருத்திய கதையை எழுதப் புகுவது நேயர்களுக்கு வியப்பாக இருக்கலாம். என் வீட்டாருக்கும் அது வியப்பாகவே இருந்தது.

சவள் என்பது எங்கள் கரையோர மக்களின் சொல். ஏட்டுத் தமிழில் அதனைத் தண்டு என்பர். தண்டு வலித்தல் என்பது நல்ல பழந்தொடர். கையிலே பிடித்து, வள்ளத்தில் எங்கும் பொருத்தாமல், நீரைத் தள்ளுவது துடுப்பு. கூழைக் கிண்டும் அகப்பைக்கும் துடுப்பு என்றே பெயருண்டு. அடுக்களைக்கும் கடலுக்கும் ஒரே சொல்லை வழங்கிய முன்னோரை மெச்சத்தான் வேண்டும். இரண்டிடத்திலும் துழாவுவதுதானே வேலை! சவளின் தொழிலோ வேறு. அதற்கு ஊன்றிக்கொள்ள ஓர் இடம் வேண்டும். அந்த இடத்தைத் தேடிக் கண்டதே இக்கட்டுரையின் பொருள்.

1963ஆம் ஆண்டு, வைகாசி மாதம். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. பெரியப்பாவின் மகன், என் அண்ணன், மயிலிட்டியிலே தன் சிநேகிதனின் பாய்வள்ளமொன்றை இரவல் வாங்கினான். விடியற்புறம் கரையிலிருந்து வீசும் மென்காற்றிற் பாய் விரித்துப் புறப்பட்டோம். புறப்படும்போது சவள் இரண்டையும் அண்ணன் மணலிலே எறிந்துவிட்டான். “பாய் கிடக்க உது என்னத்துக்கடா? கால் வைக்க இடமில்லை” என்றான்.

வெயில் ஏறியது. காற்று விழுந்தது. கடல் எண்ணெய் வார்த்தாற்போற் கிடந்தது. பாய் ஈரச் சேலைபோலத் தொங்கியது. தண்ணீர் இறைக்கும் தகரப் பேணியாலும் வெறுங்கையாலும் துழாவிப் பார்த்தோம். வள்ளம் முகந்திருப்பியதேயன்றி முன்னேறவில்லை. பத்து மணிக்குப் பிறகு சோழகம் எழுந்தது. சோழகம் தெற்கிலிருந்து வருவது. எங்கள் வடகரையிலே அது நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். எதிர்காற்றில் வெட்டி ஓட அண்ணனுக்குத் தெரியாது. கரைப் பனைகள் ஒவ்வொன்றாகத் தாழ்ந்து, வெறும் கருங்கோடாயின. அப்பாலே வேதாரணியக் கரை இருக்கிறது என்று பாடப்புத்தகத்திற் படித்திருந்தேன். அந்த அறிவு அப்போது எனக்கு ஆறுதல் தரவில்லை.

தொழில் முடித்துத் திரும்பிய மயிலிட்டியார் வள்ளமொன்று எங்களைக் கண்டது. அவர்கள் பாயை இறக்கி, நால்வர் சவள் வலித்து, எங்கள் வள்ளத்தைக் கயிற்றிற் கட்டி எதிர்காற்றில் இழுத்து வந்தார்கள். கரை சேர்ந்ததும் அவர்களுள் முதியவர் அண்ணனைப் பார்த்து, “தம்பி, பாய் காத்தின்ரை, சவள்தான் உன்ரை” என்றார். ஏசவில்லை. ஏசியிருந்தால் அண்ணன் மறந்திருப்பான்.

1990 ஜூனில் வலிகாமம் வடக்கு இடம்பெயர்ந்தது. மயிலிட்டித் துறை 2017 ஜூலையிலேதான் மக்களிடம் மீண்டும் வந்தது. இருபத்தேழு ஆண்டுகள்! ஒரு தலைமுறை கடலைக் காணாத கடற்றொழிலாளராகவே வளர்ந்துவிட்டது. திரும்பி வந்தபோது கண்ணாடியிழைப் படகுகளும் அவற்றின் பின்னே மாட்டும் மண்ணெண்ணெய் இயந்திரங்களும் வந்தன. சவள் என்ற சொல்லை இளைஞர் வாயிற் கேட்பது அரிதாயிற்று.

பின்னர் 2022 வந்தது. நாடெங்கும் எரிபொருள் இல்லை. மண்ணெண்ணெய்க்காகக் கலன்களை வரிசையில் வைத்துவிட்டு மனிதர் நிழல் தேடி இருந்தார்கள். ஓகஸ்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஒரே நாளில் உயர்ந்தது. படகொன்றில் பங்கு வைத்திருந்த என் தங்கை மகன் கைகட்டி இருக்க முடியாமல், தீவுப்பகுதியிற் கிடந்த பழைய மரவள்ளமொன்றைப் பாயோடு வாங்கி வந்தான். பதினான்கடி நீளம், நான்கடி அகலம். நல்ல உடம்பு.

“மாமா, இதிலை சவள் பூட்டவே இடமில்லை. நீங்கள் கணக்கு வாத்தியார்தானே, ஒருக்காப் பாருங்கோ” என்றான்.

இடமில்லாததற்குக் காரணமுண்டு. அது பரவைக்கடல் வள்ளம். யாழ்ப்பாணப் பரவைக்கடலின் பெரும்பகுதி ஆழமற்றது. காற்று விழுந்தால் மரக்கோலை ஊன்றித் தள்ளிக்கொண்டு போய்விடலாம். எங்கள் வடகடலிலோ கோல் நிலத்தைத் தொடாது. ஒரு கடலுக்கு அறிவாகச் செய்த வள்ளம் மற்றொரு கடலிலே முடமாகிவிடுகிறது.

அரிஸ்டாட்டிலின் பெயரால் வழங்கும் இயந்திரவியல் வினாக்கள் என்ற பழைய கிரேக்க நூலில் ஒரு கேள்வி வருகிறது: கப்பலின் நடுவிலிருந்து தண்டு வலிப்போரே அதனை மிகுதியாக அசைப்பது ஏன்? தண்டு ஒரு நெம்பு. அது ஊன்றும் முளையே பொறுதி. நடுவிலே கப்பல் அகன்றிருப்பதால் தண்டின் உட்பாகம் அங்கே நீளமாக இருக்கிறது. ஆகவே எத்தனம் வலுப்பெறுகிறது என்பது அந்நூலின் விடை. (இன்றைய பௌதிக ஆசிரியர் நீரையே பொறுதியாகக் கொள்வார். அந்த வழக்கை இங்கே தீர்க்க வேண்டியதில்லை.) வகுப்பிலே பலமுறை சொன்ன இவ்விடையை நம்பி, வள்ளத்தின் மிக அகன்ற இடத்திலே விளிம்பைத் துளைத்து முளைகளை அடித்தேன். அதற்கு நேரே குறுக்குப்பலகை கிடந்தது. மருமகன் அதிலிருந்து வலித்தான். கைப்பிடி அவன் வயிற்றில் இடித்தது. நீரிலிருந்து அலகை எடுக்கக் கைப்பிடியைத் தாழ்த்தினால் முழங்காலில் இடித்தது. அரைமணி நேரத்தில் வலப்பக்கத்து விளிம்பும் வெடித்தது. அரிஸ்டாட்டில் இருப்பதற்குப் பலகை வேண்டுமென்று சொல்லவில்லை!

அதன்பின் ஊர் ஆசாரியார் ஒருவரிடம் போனேன். அவர் அளவுகோலை எடுக்கவில்லை. மருமகனைப் பலகையில் இருத்தி, கைகளை நீட்டச் சொல்லி, மடக்கச் சொல்லிப் பார்த்தார். வலிப்பவன் பின்புறத்தை நோக்கியே அமர்கிறான். ஆதலால் முளை, பலகையிலிருந்து சுக்கான் பக்கமாக ஓரடி தள்ளி நிற்க வேண்டும். பலகைக்கு மேலே ஏழு அல்லது எட்டு அங்குலம் உயர வேண்டும். வெடித்த விளிம்பின்மேல் ஓரடி நீள வைரக்கட்டையொன்றைப் பதித்து, உட்புறமும் ஒரு தாங்குகட்டை வைத்து ஆணி முடுக்கி, முளையை அந்தக் கட்டையிலே இறக்கினார். இழுவை ஒரு துளையில் விழாமல் ஓரடிக்குப் பரவியது.

நீளம் மட்டும் என் பங்காயிற்று. முளைக்கு முளை நான்கடி, அதாவது 48 அங்குலம். அதிற் பாதியோடு இரண்டைக் கூட்டினால் 26. இது சவளின் உட்பாகம். உட்பாகம் ஏழு பங்கென்றால் முழுச்சவள் இருபத்தைந்து பங்கு என்பது மேனாட்டுப் படகோட்டிகள் கொள்ளும் கணக்கு. அவ்வாறு வகுத்தால் ஏறத்தாழ 93 அங்குலம், ஏழேமுக்கால் அடி, வருகிறது. ஆசாரியார் கேட்டுவிட்டு, “எட்டடியா வெட்டுவம். பாய்வள்ளத்துக்கு விளிம்பு உயரம், வாத்தியார்” என்றார். அவர் சொன்னதே சரி. காற்றிற் சாயும்போது தண்ணீர் ஏறாதிருக்கப் பாய்வள்ளத்தின் பக்கத்தை உயர்த்திக் கட்டுவார்கள். அவ்வுயரத்திலிருந்து நீரை எட்ட நீளம் கூட வேண்டும். நீளம் கூடினால் பாரம் கூடும். எனவே மரம் தேர்வதிலே கவனம் வேண்டும். காணியெங்கும் பனை நின்றும் அது ஆகாது; பனஞ்சிராம்பின் பாரத்தை நாள் முழுதும் எந்தக் கை தாங்கும்? கோணலில்லாத, நேர் நாருள்ள மலைவேம்பிலே செதுக்கினார்.

ஒற்றை முளை, ஒரு கயிற்று வளையம். பழைய முறை இதுதான். இதிலே ஒரு நுட்பத்தை ஆசாரியார் காட்டித் தந்தார். சவள் முளையின் சுக்கான் பக்கத்திற் கிடந்தால், வலிக்கும்போது மரம் மரத்தை அழுத்தும். மீளும்போது மாத்திரமே கயிற்றுக்கு வேலை. மறுபக்கம் கிடந்தால் இழுவை முழுவதும் கயிற்றின் தலையிலே வந்துவிடும். நடுக்கடலிலே கயிறு அறுந்தால் என்னவாகும் என்பதை எனக்கு எவரும் சொல்ல வேண்டியதில்லை.

புரட்டாதியில் ஒரு விடியற்காலை வெள்ளோட்டம் விட்டோம். சுக்கான் என் கையில். பாயிற் போனோம், மீனுக்காகப் போகவில்லை, காற்று விழட்டும் என்று காத்திருக்கப் போனோம். காற்று விழுவதற்காகக் கடலிலே காத்திருந்தவர் எங்களைத் தவிர வேறு யாரும் இரார். விழுந்தது. பாயை இறக்கிச் சுருட்டினோம். தொங்கவிட்டால் அது தலையில் இடிப்பதோடு எதிர்காற்றையும் பிடிக்கும். மருமகன் கயிற்று வளையத்தை நீரில் நனைத்து, சவளை மாட்டினான். முதல் இருபது வலிப்பு தாறுமாறு. இரண்டு கைப்பிடியும் நடுவிலே நான்கங்குலத்துக்கு மேலாக ஒன்றன்மேல் ஒன்று வருவதால் விரல் நசுங்கியது. இடக்கையைச் சற்று மேலே பிடிக்கக் கற்றபின் வள்ளம் நேர்கோடு பிடித்தது. சவள் எழும்பும்போது சொட்டும் நீர் இருபுறமும் வட்டம் வட்டமாகப் பின்வாங்கியது. நான் கரைப் பனைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவை உயர்ந்துகொண்டு வந்தன.

அண்ணன் இன்று இல்லை. இருந்திருந்தால் அன்று என்ன சொல்லியிருப்பான் என்று யோசித்தேன். கால் வைக்க இடமில்லை என்றுதான் சொல்லியிருப்பான்; அது உண்மையுந்தான். எட்டடிச் சவள் இரண்டு கிடக்கும் பதினான்கடி வள்ளத்திலே வலைக்கும் மனிதனுக்கும் இடம் நெருக்கடியே.

மண்ணெண்ணெய் பின்னர் கிடைக்கத் தொடங்கியது. மருமகன் இயந்திரப் படகுக்குத் திரும்பினான். கடல் அமர்ந்திருக்கும் நாள்களிற் பாய்வள்ளத்தையும் எடுக்கிறான். சவள் இரண்டும் இப்போது எங்கள் வீட்டு விறாந்தையிற் கிடக்கின்றன. முளையில் உராயும் இடத்திலே சுற்றிய தோல் வலப்பக்கத்துச் சவளிலே தேய்ந்துவிட்டது. பழைய சைக்கிள் ரியூப் ஒன்றை வெட்டிச் சுற்றச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.