அரசியின் குரலைச் சலித்த சல்லடை

1940 மே 10 அன்று ஜெர்மன் படை நெதர்லாந்துக்குள் புகுந்தது. மூன்றே நாளில் அரசி வில்ஹெல்மினா பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஒன்றில் ஏறி இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். அவருக்கு 59 வயது. நம்மைத் தவிக்க விட்டுப் போய்விட்டாரே என்று ஊரில் பலருக்கும் மனத்தாங்கல். மண்ணும் படையும் கைவிட்டுப் போன அரசிக்கு மிஞ்சியது குரல்தான். ஜூலை 28 அன்று பிபிசியின் அலைவரிசையில் 'ரேடியோ ஒரான்யே' தொடங்கியது. பதினைந்து நிமிட ஒலிபரப்பு. முதல் நாள் பேசியவரே அவர்தான்.

அந்தக் குரலை அமுக்க, அதே அலைவரிசையில் ஜெர்மானியர்கள் இரைச்சலை ஒலிபரப்பினார்கள். மக்கள் அதற்கும் ஒரு வழி கண்டார்கள். மரச்சட்டத்தில் கம்பியைச் சுற்றி ரேடியோவோடு இணைத்து, அதற்கு 'மொஃபன்ஸேஃப்' என்று பெயரும் வைத்தார்கள். 'மொஃப்' என்பது ஜெர்மானியரைத் திட்டும் சொல். 'ஸேஃப்' என்றால் சல்லடை.

அது சலித்த விதம் அழகானது. ரேடியோ அலை சட்டத்தின் பக்கவாட்டில் வந்தால் ஒரு பக்கக் கம்பியை முதலிலும் மறு பக்கத்தைக் கணநேரம் கழித்தும் தொடும். அந்த இம்மி வித்தியாசம்தான் மின்சாரமாகி நம் காதில் ஒலியாகிறது. சட்டத்தின் முகத்துக்கு நேராக வந்தாலோ இரு பக்கத்தையும் ஒருசேரத் தொடும். இரண்டிலும் எழும் மின்னழுத்தம் ஒன்றையொன்று தின்றுவிடும். ஆகவே இரைச்சல் வரும் திசைக்கு முகத்தைக் காட்டிச் சட்டத்தைத் திருப்பி வைத்தால் இரைச்சல் அடங்கும். வேறு திசையிலிருந்து வரும் லண்டன் மட்டும் நிற்கும். இருட்டறையில் ஒருவர் சட்டத்தை விரல் அகலம், விரல் அகலமாகத் திருப்ப, உறுமலுக்குள்ளிருந்து அந்த வயதான குரல் மெல்ல மேலெழுவதை நினைத்துப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது.

1943 மே மாதம் ரேடியோக்களையே ஒப்படைக்க உத்தரவு வந்தது. பலர் பழுதான பெட்டியைக் கொடுத்துவிட்டு நல்லதைப் பரணிலும் தரைப்பலகைக்கு அடியிலும் ஒளித்தார்கள். 1944 கடைசியில் மின்சாரமும் நின்றபோது படிக ரேடியோ கைகொடுத்தது. ஒரு துண்டு ஈயத் தாது, அதைத் தொடும் மெல்லிய கம்பி, நீளமான ஏரியல், காதுக்கருவி, இவ்வளவுதான். பேட்டரியே வேண்டாம், கடல் தாண்டி வந்த அலையின் ஆற்றலே காதுக்கருவியை அதிர வைத்தது.

1945 மார்ச் 13, அரசி நாடு திரும்பிய நாள். பெல்ஜியத்தை ஒட்டிய ஏடே கிராமத்துச் சாலையில், எல்லை எது என்று தெரிய வெள்ளை மாவால் ஒரு கோடு போட்டிருந்தார்கள். வில்ஹெல்மினா காரை விட்டு இறங்கி, அந்தக் கோட்டை நடந்தே தாண்டினார்.