பாரதி வீட்டுச் சுவரும் உப்பும்

பழைய வீடுதானே, சிமென்ட் பூசிப் பெயின்ட் அடித்தால் ஆயிற்று என்கிறீர்கள். ஒரு டீக்குள் பதில் சொல்லி முடியாது. இன்னொன்றும் போடச் சொல்லுங்கள்.

பிரிட்டிஷ் போலீசிடமிருந்து தப்பி 1908-ல் புதுச்சேரிக்கு வந்த பாரதி, 1918 வரை அங்கே வாடகை வீடுகளில் காலம் தள்ளினார். அவற்றில் ஈஸ்வரன் தர்மராஜா கோயில் வீதி வீடுதான் இன்று நினைவில்லம். செங்கல்லும் சுண்ணாம்பும் மரமுமாக எழுந்த வீடு, கடலும் தூரமில்லை. அது பழுதானபோது சீரமைப்பில் கைகொடுத்தது, பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு.

இப்போது எதிரே இருக்கும் மரக்காணத்து உப்புப் பாத்தியைப் பாருங்கள். தண்ணீரை வெயில் குடித்துவிடுகிறது, உப்பு தங்குகிறது. கடலோரத்துச் சுவரிலும் இதேதான் நடக்கிறது. தரையிலுள்ள ஈரம் செங்கல்லின் நுண்துளை வழியே மேலேறும். உப்பையும் கரைத்துக் கூட்டிவரும். ஈரம் எங்கே காய்கிறதோ அங்கே உப்பு பூக்கும். சுண்ணாம்புப் பூச்சாக இருந்தால் ஈரம் அதன் வழியே வெளியேறிவிடும். உப்பு பூச்சைப் பொரித்து உதிர்க்கும். பார்க்க அசிங்கம்தான், ஆனால் செங்கல் தப்பிவிடும்.

சிமென்ட் வழிவிடாது. அடைபட்ட ஈரம் இன்னும் உயரத்துக்கு ஏறும். பூச்சுக்குப் பின்னால் உப்பு படிகமாகிப் பருத்து, செங்கல்லையே பொடியாக்கும். வெளியே சில வருடம் எல்லாம் பளபள. திறப்பு விழாப் போட்டோவுக்கு அது போதும், வீட்டுக்குப் போதாது.

ஆகவே ஏற்கெனவே சிமென்ட் பூசியிருந்தால் முதலில் அதைக் கொத்தி எடுக்க வேண்டும். ஒழுகும் மாடியையும் குழாயையும் சரிசெய்யாமல் சுவரில் கை வைப்பது வீண் செலவு. அப்புறம் நல்ல தண்ணீரில் நனைத்த காகிதக் கூழையோ களிமண்ணையோ சுவரில் அப்பிக் காயவிடுவார்கள். சுவரிலிருந்து உப்பு அதற்குள் இறங்கும். உரித்துப் போட்டுவிட்டு மறுபடி அப்ப வேண்டும். கடைசியில்தான் சுண்ணாம்பு, அதுவும் உப்பில்லாத மணலோடு. கடற்கரை மணலைக் கலந்தால் பட்ட பாடெல்லாம் பாழ். காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சித்தான் சுண்ணாம்பு இறுகும். அதை அவசரப்படுத்த முடியாது. பில் போட அவசரப்படும் கான்ட்ராக்டருக்கு இது பிடிக்காது.

அடுத்த முறை இந்தக் கரையில் எந்தப் பழைய வீட்டுக்குப் போனாலும் சுவரின் அடிப்பகுதியைப் பாருங்கள். சுண்ணாம்பு உதிர்ந்திருந்தால் கோபப்பட வேண்டாம், மறுபடி பூசிக்கொள்ளலாம். சிமென்ட் வழவழவென்று இருந்தால் மட்டும், யார் பூசியது என்று கேளுங்கள்.