எப்ப சத்தம் வருது?

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போகும்போது கொண்டை ஊசி வளைவுகளை எண்ணியிருப்பீர்கள். மொத்தம் 20! சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். சமதரையில் சமர்த்தாக ஓடும் கார்கூட இந்தச் சேர்வராயன் மலையில் தன் நோயை மறைக்க முடியாது.

"கார்ல சத்தம் வருதுண்ணே" என்று பட்டறையில் சொல்லிப் பாருங்கள். மெக்கானிக் அண்ணன் உடனே கேட்பார்: "எப்ப வருது? ஏறும்போதா, கியர் மாத்தும்போதா, திரும்பும்போதா?" அந்த 'எப்ப'வில்தான் பாதி விடை இருக்கிறது.

ஏறும்போது என்றால் முதல் சந்தேகம் கிளட்ச். இரண்டு உள்ளங்கைகளையும் அழுத்தி ஒட்டிக்கொண்டு ஒரு கையைத் திருப்புங்கள். மற்றதும் கூடவே திரும்பும். பிடியைத் தளர்த்தித் திருப்பினால்? வழுக்கும், கை சூடாகும். என்ஜினோடு சுழலும் சக்கரத்தில் கிளட்ச் பிளேட் இப்படி அழுந்தி ஒட்டினால்தான் சக்தி கியர் பாக்ஸுக்குப் போகும். பிளேட் தேய்ந்தால் வழுக்கும். என்ஜின் உறுமும், காரோ ஊர்ந்து போகும், கருகல் வாடை மூக்கைத் துளைக்கும். மேட்டில் கிளட்சைப் பாதி மிதித்தபடியே வண்டியை நிறுத்தி வைத்தால் நல்ல பிளேட்டும் கருகும்.

கியர் மாற்றும்போது 'கர்ர்ர்' என்றால்? கிளட்சை மிதித்தும் என்ஜின் முழுசாகப் பிரியவில்லை என்று அர்த்தமாக இருக்கலாம். வேறு வேறு வேகத்தில் சுற்றும் பற்கள் மோதிக்கொள்கின்றன.

வளைவில் மட்டும் 'டக் டக் டக்' என்கிறதா? சின்ன கார்கள் பலவற்றில் என்ஜின் முன் சக்கரங்களைத்தான் சுழற்றுகிறது. அந்தச் சக்கரம் சுழலவும் வேண்டும், இடம் வலமாகத் திரும்பவும் வேண்டும். அதற்காக அச்சின் நுனியில் நம் மணிக்கட்டு மாதிரி ஒரு மூட்டு இருக்கிறது. உள்ளே இரும்புக் குண்டுகள், கிரீஸ். வெளியே மடிப்பு மடிப்பான ரப்பர் உறை. உறை கிழிந்தால் கிரீஸ் ஒழுகும், மண் புகும், குண்டுகள் ஓடும் பள்ளம் தேயும். நேராகப் போகும்போது வாய் மூடியிருக்கும் மூட்டு, ஸ்டியரிங்கை ஒடித்ததும் புலம்பும்.

இன்னொரு வேடிக்கை. நண்பனோடு கைகோத்து வளைந்து நடங்கள். வெளிப்பக்கம் இருப்பவர் வேகமாக நடக்க வேண்டும். காருக்கும் அதே கதை. இரு சக்கரங்களுக்கும் இடையே 1.5 மீட்டர் என்றால், ஒரு முழு அரைவட்டத்தில் வெளிச் சக்கரம் 1.5 × 3.14, அதாவது சுமார் 4.7 மீட்டர் கூடுதலாக ஓட வேண்டும்! ஒரே அச்சில் இரண்டையும் இறுக்கிவிட்டால் டயர் தரையில் இழுபடும். அதனால்தான் டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கரக் கூட்டம் இருக்கிறது. சக்தியையும் கொடுக்கும், சக்கரங்களைத் தனித்தனி வேகத்தில் சுற்றவும் விடும். அதில் எண்ணெய் வற்றினால் வேகம் கூடக் கூட 'ஊஊ' என்ற ஊளையும் கூடும்.

அடுத்த முறை ஏற்காடு போகும்போது வளைவுகளோடு சத்தங்களையும் எண்ணுங்கள். 7-ஆவது வளைவில் 'டக் டக்', நேர்ப்பாதையில் அமைதி, 8-ஆவது வளைவில் மறுபடி 'டக் டக்'. பட்டறைக்குப் போனதும் எந்த இடத்தைக் காட்டுவீர்கள்?