கள்வருக்குக் கதாநாயகப் பட்டமா?

இரட்டை வேடம் நம் தமிழ்ப் படவுலகிற்குப் புதியதன்று. 1940ஆம் ஆண்டில் பி. யு. சின்னப்பாவும், 1958ஆம் ஆண்டில் சிவாஜி கணேசனும் ‘உத்தம புத்திரன்’ என்னும் ஒரே பெயர்கொண்ட படங்களில் இரட்டைச் சகோதரராகத் தோன்றினர். ஒருவன் நல்லவன், மற்றவன் தீயவன். முடிவில் அறம் வெல்லும். இவ்வாறு கண்டு பழகிய நமக்கு, 2015ஆம் ஆண்டில் வெளியான ‘லெஜென்ட்’ என்னும் ஆங்கிலப் படம் ஒரு சிக்கலைத் தருகின்றது. பிறையன் ஹெல்ஜ்லண்ட் நெறிப்படுத்திய இப்படத்தில் ரொம் ஹார்டி ஒருவரே இரட்டையர் இருவராகவும் நடித்துள்ளார். ஆனால் இங்கே இருவருமே தீயவர்!

இது வெறுங் கற்பனையன்று. றெஜி கிறே, றொனி கிறே என்னும் இரட்டையர் 1933ஆம் ஆண்டு கிழக்கு இலண்டனிற் பிறந்தனர். மிரட்டிப் பணம் பறித்தலே இவர்தம் தொழில். எனினும் இவர்கள் நடத்திய களியாட்ட விடுதிகளுக்கு நடிகரும் பிரபுக்களும் வந்து போயினர். புகழ்பெற்ற படப்பிடிப்பாளர் டேவிட் பெய்லி இவர்களைப் படமெடுத்தார். 1966ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் றொனி, ஜோர்ஜ் கோர்னெல் என்பவனை மதுச்சாலையொன்றிற் சுட்டுக் கொன்றான். மறுவருடம் றெஜி, ஜாக் மக்விற்றி என்பவனைக் கத்தியாற் குத்திக் கொன்றான். கண்டவர் அச்சத்தால் வாய் திறந்திலர். 1968இல் இருவரும் கைதான பின்னரே அச்சம் நீங்கிற்று. 1969இல் ஆயுட்டண்டனை கிடைத்தது. முப்பது ஆண்டுகளேனும் சிறையிலிருத்தல் வேண்டுமென நீதிபதி விதித்தார். றொனி 1995இல் தண்டனைக் காலத்திலேயே மாண்டான். றெஜி, தீரா நோயுற்று விடுதலை பெற்ற சில வாரங்களில், 2000ஆம் ஆண்டில் மாண்டான்.

படத்திலோ அழகிய உடைகளும் இனிய இசையும் நகைச்சுவையும் நம்மை மயக்குகின்றன. ஒன்றைமட்டும் பாராட்டல் வேண்டும். கதையைச் சொல்லும் குரல் றெஜியின் மனைவி பிரான்செசினுடையது. அவள் 1965இல் மணமுடித்து, 1967இல், தன் 23ஆம் வயதிலேயே இறந்துபோனவள். மாண்டவளின் குரலே அம்மினுக்கத்தின் விலையை நமக்கு உணர்த்துகின்றது.

இலண்டன் மக்களைக் குறைகூற நமக்கு உரிமை உண்டோ? கண்டியிலிருந்து கடுகண்ணாவைக் கணவாய் வழியே கொழும்பு நோக்கி இறங்குவோர், மாவனெல்லைக்கு அருகில் உத்துவன்கந்தைக் குன்றினைக் காண்பர். 1867ஆம் ஆண்டில் புகையிரதம் கண்டிக்கு வருமுன்னர், மலைநாட்டுக் கோப்பியும் பிற பண்டங்களும் வண்டிகளிலேறி இப்பாதையாற் சென்றன. அங்கே கொள்ளையடித்தவன் சரதியேல். செல்வரிடம் பறித்து ஏழைகளுக்கு ஈந்தான் என்பது ஊரார் வழங்கும் கதை. அந்நியர் ஆட்சியில் வாடிய மக்கள், ஆள்வோரை அஞ்சவைத்த ஒருவனைப் போற்றியதில் வியப்பில்லை. கிழக்கு இலண்டனின் ஏழைத் தெருக்களும் அவ்வாறே தம் இரட்டையரைப் போற்றின.

ஆனால் கதையின் மறுபக்கமும் உண்டு. 1864ஆம் ஆண்டு மார்ச்சு 21ஆந் திகதி சரதியேலைப் பிடிக்கச் சென்ற பொலிசாருள், சபான் என்னும் மலாய் இனத்துக் கான்ஸ்டபிள் துப்பாக்கிச் சூட்டுக்கு இரையானார். அவ்வாண்டு மே மாதம் 7ஆந் திகதி சரதியேலும், அவன் உற்ற தோழன் மம்மலே மரிக்காரும் கண்டியில் ஒருங்கே தூக்கிலிடப்பட்டனர். இன்று மாவனெல்லையில் சரதியேலின் பெயரால் ஒரு மாதிரிக் கிராமமே அமைந்துள்ளது. சபானையோ, ஆண்டுதோறும் மார்ச்சு 21ஆந் திகதி பொலிசார் நினைவுகூருகின்றனர். ஏனையோருள் எத்தனை பேர் அவர் பெயரை அறிவர்?

‘லெஜென்ட்’ சிறுவருக்கு உரியதன்று. இங்கிலாந்திலேயே பதினெட்டு வயது நிரம்பாதோர்க்கு அது விலக்கப்பட்டது. வளர்ந்த மாணவர் பார்ப்பதைத் தடுக்க வேண்டியதில்லை. பார்த்து வந்தபின், “இக்கதையில் எவர் உயிரிழந்தார்? அவருக்காக அழுதவர் எவர்?” என்று பெற்றோர் அன்புடன் வினவுவாராக. நடிகரின் திறமையை வியக்கலாம்; வியப்பு வேறு, மதிப்பு வேறு. இவ்வேற்றுமையை உணர்ந்த பிள்ளைக்கு எந்தப் படமும் தீங்கு செய்யாது. சரதியேலின் குன்றினைக் காட்டும்போது, சபானின் பெயரையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லுவோம்.