பாடநூலில் தன் வீட்டைக் காணும் பிள்ளை

புரட்டாதி மாதம் பிறந்துவிட்டால் ரெய்னர்ஸ் லேன் பகுதியில் பல வீட்டு வாசல்களில் ஒரே காட்சியைக் காணலாம். படுக்கை விரிப்பு, றைஸ் குக்கர், மிளகாய்த்தூள் போத்தல் ஆகியவற்றுடன் கார்கள் நிரம்பும். பிள்ளைகள் பல்கலைக்கழகம் புறப்படுவார்கள். "பிள்ளை என்ன படிக்கப் போகிறார்?" என்ற கேள்விக்கு ஒரு காலத்தில் வைத்தியம், பொறியியல், கணக்கியல் என்ற மூன்று விடைகளே இருந்தன. இன்று "உளவியல்" என்ற விடையும் அடிக்கடி கேட்கிறது. அதைக் கேட்டதும் உறவினர் சிலர் சற்றே மௌனமாவர். வேறு சிலர், "விசரருக்கு மருந்து கொடுக்கிற படிப்போ?" என்று சிரிப்பார்கள்.

இந்தச் சிரிப்பிலும் மௌனத்திலும் ஒளிந்திருப்பது அச்சம். உளவியற் பட்டப்படிப்பில், பெரும்பாலும் இரண்டாம் அல்லது மூன்றாம் ஆண்டில், மனநோய்களின் தன்மை, காரணம், சிகிச்சை ஆகியவற்றை ஆராயும் பகுதி வருகிறது. பிறழ்நிலை உளவியல் என்பது அதன் நெடுங்காலப் பெயர். அதைப் படிக்கும் பிள்ளைக்கு என்ன நேர்கிறது, அப்பிள்ளையின் வீட்டுக்கு அது எவ்வாறு பயன்படலாம் என்பவை பெற்றோர் அறிந்திருக்க வேண்டிய செய்திகள்.

எது பிறழ்வு?

நம்மவரிடையே இதற்கான எல்லைக்கோடு மிக எளிதாகப் போடப்பட்டது. இந்தப் பக்கம் நாம், அந்தப் பக்கம் "அவர்கள்". இலங்கையில் அங்கொடை, தமிழ்நாட்டில் கீழ்ப்பாக்கம் என்ற இரு ஊர்ப்பெயர்களும் அங்குள்ள மனநோய் வைத்தியசாலைகளின் காரணமாக வசைச்சொற்களாகவே மாறிவிட்டன. பள்ளிக்கூடத்தில் ஒருவரையொருவர் கேலிசெய்ய இப்பெயர்களைப் பயன்படுத்தியவர்கள் பலர் இன்றும் நம்மிடையே உள்ளனர்.

மாணவர் முதலில் கற்பது, இக்கோடு அவ்வளவு நேரானதல்ல என்பதையே. அரிதாக நிகழ்வதெல்லாம் நோயல்ல. பத்து மொழி பேசுபவரும் அரிதானவரே. ஊர் வழக்கத்துக்கு மாறானதெல்லாமும் நோயல்ல. ஓரிடத்தில் வழக்கமாயிருப்பது வேறோரிடத்தில் விந்தையாகத் தோன்றும். திருவிழாவில் உரு வந்து ஆடும் பெண்ணொருத்தி சிறிது நேரத்தில் தன்னிலைக்குத் திரும்பி, வீட்டுக்குப் போய்ச் சமைத்துப் பிள்ளைகளுக்குப் பரிமாறுகிறாள். அவளை நோயாளி என்று கூற நோய் வகைப்பாட்டு நூல்களும் இடங்கொடுப்பதில்லை. அந்தச் சமூகம் ஏற்றுக்கொண்ட நடத்தையை நோயெனக் கொள்ளலாகாது என்றே அவை எச்சரிக்கின்றன. அந்த மனிதருக்குத் துன்பம் உண்டா, அன்றாட வாழ்க்கை தடைப்படுகிறதா, எவ்வளவு காலமாக இருக்கிறது, ஆபத்து உண்டா என்பவையே வைத்தியர் கேட்கும் கேள்விகள்.

"பிறழ்வு" என்ற சொல்லே இன்று மெல்ல விலகி வருகிறது. 1906 ஆம் ஆண்டு மோர்ட்டன் பிறின்ஸ் என்ற அமெரிக்க வைத்தியர் இத்துறைக்கென ஆரம்பித்த சஞ்சிகை, "அப்நோர்மல்" என்ற சொல்லைப் பெயரில் தாங்கி ஒரு நூற்றாண்டுக்கு மேல் வெளிவந்தது. 2022 இல் அமெரிக்க உளவியற் சங்கம் அச்சொல்லை அதன் பெயரிலிருந்து நீக்கியது. நோயுற்ற மனிதரைப் புண்படுத்தும் சொல் அறிவுத்துறைக்குத் தேவையில்லை என்பதே அதன் பொருள்.

முதற் கட்டம்: "எனக்கும் இருக்கிறதே!"

இப்பாடத்தைத் தொடங்கும் மாணவருக்குச் சில வாரங்களுள் ஒரு பயம் பிடிப்பது வழக்கம். கதவைப் பூட்டினேனா என்று இருமுறை பார்த்தவர், அதற்கான நோயின் பக்கத்தைப் புரட்டித் திடுக்கிடுவார். பரீட்சைக்கு முன் நெஞ்சு படபடத்தவர் பதற்றநோய் என்று எண்ணுவார். வைத்திய மாணவர்களுக்கும் இது நேர்வதுண்டு. 1889 இல் ஜெரோம் கே. ஜெரோம் எழுதிய புகழ்பெற்ற நகைச்சுவை நூலில், பிரித்தானிய நூதனசாலைக்குச் சென்று மருத்துவ நூலொன்றைப் புரட்டும் கதைசொல்லி, ஒன்றே ஒன்றைத் தவிர எல்லா நோய்களும் தனக்கு உண்டென்ற முடிவுக்கு வருகிறார்.

இதற்குக் காரணம் உண்டு. மனநோயின் அறிகுறிகள் பல, எல்லா மனிதரிடமும் சிறிதளவு இருப்பவையே. கவலை எல்லோருக்கும் வரும். மனச்சோர்வு நோய் என்று கூறுவதற்கோ, வகைப்பாட்டு நூல் ஒன்பது அறிகுறிகளைக் குறிப்பிட்டு, அவற்றுள் குறைந்தது ஐந்து இரண்டு வாரமாவது ஏறக்குறைய நாள்தோறும் இருந்து, வாழ்க்கையைக் குலைக்க வேண்டும் என்கிறது. நித்திரையின்மை, பசியின்மை, எதிலும் நாட்டமின்மை, தன்னையே குற்றஞ்சாட்டுதல் ஆகியவை அவற்றுட் சில. பயந்த மாணவர் இதைப் புரிந்துகொள்ளும்போது இரண்டு பாடங்களை ஒருங்கே கற்கிறார். தான் நோயாளியல்லர் என்பது ஒன்று. நோயாளி தன்னைப்போன்ற மனிதர் என்பது மற்றையது.

இரண்டாம் கட்டம்: "அப்பாவுக்கும் இருக்கிறதே!"

அடுத்து வருவது இதைவிடக் கடினமானது. 1980 இல் வெளிவந்த அமெரிக்க வகைப்பாட்டு நூலின் மூன்றாம் பதிப்பில், பேரிடருக்குப் பின் வரும் மனவடு நோய் முதன்முறையாகத் தனிப்பெயருடன் இடம்பெற்றது. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய வீரர்களின் துன்பம் அதற்கு முக்கிய காரணமாயிற்று. கெட்ட கனவுகள், சிறு சத்தத்துக்கும் திடுக்கிடுதல், நடந்ததைப் பேச மறுத்தல், மனம் மரத்துப்போதல் என்று பட்டியல் நீள்கிறது.

இலங்கையிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளை இப்பக்கத்தை எவ்வாறு படிக்கும்? நவம்பர் 5 ஆம் தேதி இரவு வாணவெடி கேட்டதும் திரைச்சீலையை இழுத்து மூடும் தந்தை நினைவுக்கு வருவார். நேரங்கெட்ட நேரத்தில் கதவு தட்டப்பட்டால் முகம் வெளிறும் தாய் நினைவுக்கு வருவார். 1983 ஆடிக் கலவரம் பற்றியோ 2009 முள்ளிவாய்க்கால் பற்றியோ ஒரு வார்த்தையும் பேசாத பெரியப்பாவின் கோபத்துக்கு அன்றுதான் ஒரு விளக்கம் கிடைக்கும்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உளமருத்துவப் பேராசிரியராகப் பணிபுரிந்த தயா சோமசுந்தரம், போர் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே அம்மக்களிடையே இருந்து சிகிச்சை அளித்து, 1998 இல் "ஸ்கார்ட் மைன்ட்ஸ்" என்ற நூலை வெளியிட்டார். போரின் காயம் தனிமனிதருடன் நின்றுவிடுவதில்லை; குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே காயப்படுத்துகிறது என்பது அவர் எழுத்துக்கள் வலியுறுத்தும் செய்தி. மூச்சுப் பயிற்சி, செபம் முதலிய மரபுவழிப் பயிற்சிகளையும் அவர் சிகிச்சையோடு இணைத்துக்கொண்டார்.

எனினும் இங்கு மாணவருக்கு ஓர் எச்சரிக்கை தேவை. போரைக் கண்ட எல்லோரும் நோயாளிகளல்லர். பெரும்பான்மையோர் துயரத்தைச் சுமந்துகொண்டே தொழில் பார்த்துப் பிள்ளைகளை வளர்த்தவர்கள். அன்றியும் அரைகுறைப் படிப்புடன் வீட்டாருக்கு நோய்ப்பெயர் சூட்டுவது அறிவுமல்ல, அன்புமல்ல. "அப்பா, உங்களுக்கு இன்ன வியாதி" என்று தொடங்கும் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். "அப்பா, இரவில நித்திரை வருகுதோ?" என்று கேட்டால் ஒருவேளை முப்பது வருட மௌனம் சற்றே திறக்கலாம்.

மூன்றாவது தரிப்பில் நடந்த ஆய்வு

மனச்சிதைவு நோய் ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவருக்கு வாழ்நாளில் வருவது. தனக்குத்தான் கேட்கும் குரல்கள், ஆதாரமற்ற சந்தேகம், ஒதுங்குதல் என்பன அதன் அடையாளங்கள். நம்மவர் இதற்குக் கண்ணூறு, செய்வினை என்று காரணம் கூறினர். மேல்நாட்டாரும் நெடுங்காலம் சரியான காரணத்தைக் கூறவில்லை. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சில அறிஞர்கள், தாயின் வளர்ப்பே இந்நோயை உண்டாக்குகிறது என்றனர். நோயுற்ற பிள்ளையைப் பராமரித்த தாய்மார் மேல் இப்பழியும் சுமத்தப்பட்டது.

இப்பழியைத் துடைக்க உதவிய ஆய்வுகளுள் ஒன்று இவ்வயலிலேயே நடந்தது. ரெய்னர்ஸ் லேனிலிருந்து மெற்றோபொலிற்றன் ரயிலில் மூன்றாவது தரிப்பு நோர்த்விக் பார்க். அங்குள்ள வைத்தியசாலையில் ஈவ் ஜோன்ஸ்ரன், ரிம் குறோ ஆகியோரும் உடன் உழைத்தோரும் நீண்டகாலம் நோயுற்றிருந்த 17 பேரின் மூளையை ஸ்கான் செய்து, 1976 இல் "லான்செட்" சஞ்சிகையில் முடிவை வெளியிட்டனர். மூளையின் நடுவேயுள்ள திரவ அறைகள் நோயுற்றோரில் பெருத்திருந்தன. அந்த ஸ்கான் கருவியும் தொலைவிலிருந்து வந்ததன்று. சில மைல் அப்பாலுள்ள ஹேய்ஸில், ஈ.எம்.ஐ. கம்பெனியின் ஆய்வுகூடத்தில் அதை உருவாக்கிய கொட்பிரி ஹவுன்ஸ்பீல்டுக்கு 1979 இல் நோபெல் பரிசு கிடைத்தது.

இம்மாற்றம் எல்லா நோயாளிகளிலும் காணப்படுவதில்லை. ஸ்கான் ஒன்றை மட்டும் வைத்து நோயைத் தீர்மானிக்கவும் முடியாது. பரம்பரை, மூளை வளர்ச்சி, கஞ்சாப் பழக்கம், வாழ்க்கை நெருக்கடி எனப் பல காரணங்கள் ஒன்றுசேர்கின்றன. ஆயினும் இது வளர்ப்பின் குற்றமன்று என்பது இன்று தெளிவு.

நோயை உண்டாக்காத குடும்பம், நோயைத் தணிக்க வல்லது. 1976 இல் கிறிஸ்ரின் வோன், ஜூலியன் லெப் ஆகியோர் வெளியிட்ட இலண்டன் ஆய்வு, ஓயாத குறைகூறலும் மிகையான தலையீடும் உள்ள வீடுகளில் நோய் திரும்பி வரும் வாய்ப்புக் கூடுதல் என்று காட்டியது. 1979 இல் நான்சி வக்ஸ்லர் இலங்கை நோயாளிகளை ஐந்து வருடத்தின் பின் ஆராய்ந்து எழுதியபோது, கைத்தொழில் நாடுகளில் உள்ளோரைவிட அவர்கள் நன்றாக இருந்ததாகக் கண்டார். குடும்பத்தார் நோயாளியைக் கைவிடாது, குணமாகித் தன் வேலைக்குத் திரும்புவார் என எதிர்பார்த்ததும் ஒரு காரணம் என்று அவர் கருதினார். இம்முடிவு பற்றிப் பின்னர் விவாதங்கள் எழுந்தன. எனினும் அந்த எதிர்பார்ப்பு புலம்பெயர்ந்த வீடுகளிலும் பேணப்பட வேண்டிய செல்வம்.

வீடு செய்ய வேண்டியது

இந்நோய் பெரும்பாலும் பதின்ம வயதின் இறுதியிலும் இருபதுகளிலும் தலைகாட்டுகிறது. பல்கலைக்கழகம் செல்லும் வயதும் அதுவே. விரிவுரைக்குப் போகாது அறைக்குள் அடைந்துகிடத்தல், பகலை இரவாக்குதல், எல்லோரும் தன்னைப்பற்றியே பேசுகிறார்கள் என்று கூறுதல் ஆகியவற்றைக் கண்டால், "படிப்புக் கூடிப்போச்சு" என்று தள்ளிப்போடலாகாது. சிகிச்சை தாமதமாகும் ஒவ்வொரு மாதமும் குணமடைவதைக் கடினமாக்கும். இங்கிலாந்தில் முதன்முறை இவ்வாறு நோயுற்றோருக்குத் தனிச் சேவை உண்டு. அனுப்பப்பட்ட இரண்டு வாரத்துள் சிகிச்சை தொடங்கவேண்டும் என்பது 2016 முதல் அதற்கான அளவுகோல். குடும்ப வைத்தியரிடம் சென்றாலே அதற்கு வழி திறக்கும். கவலைக்கும் மனச்சோர்வுக்கும் பேச்சுவழிச் சிகிச்சையை வைத்தியரைக் காணாமல் நேரடியாகவே கேட்கலாம். நெருக்கடி வேளையில் 111 ஐ அழைத்து மனநல உதவியைத் தெரிவுசெய்யலாம். உயிராபத்து என்றால் 999.

"வெளியில் தெரிந்தால் கலியாணம் குழம்பும்" என்ற அச்சமே பலரைத் தடுக்கிறது. உயிராபத்து போன்ற விதிவிலக்குகள் தவிர, நோயாளியின் சம்மதமின்றி வைத்தியர் எவருக்கும் எதையும் வெளியிடுவதில்லை. மறைத்துவைத்த நோயோ நாளடைவில் தானே வெளிப்பட்டுவிடும்.

உளவியல் படிக்கும் பிள்ளையை வீட்டு வைத்தியராக்கவும் வேண்டாம். மூன்று வருடப் பட்டம் ஒருவரைச் சிகிச்சையாளராக்குவதில்லை. பிரித்தானிய உளவியற் சங்கம் அங்கீகரித்த பட்டம், அதன்பின் தொழில் அனுபவம், அதன்பின் போட்டி மிகுந்த மூன்று வருடக் கலாநிதிப் படிப்பு என்ற நீண்ட பாதை அது. மருத்துவ உளவியலாளர் என்ற பட்டப்பெயரை, பதிவுபெற்றோர் மட்டுமே பயன்படுத்தலாம் என்பது 2009 முதல் சட்டம். எனினும், அப்பாதையில் நடப்பவர்களுள் நம் மொழி தெரிந்தவர் ஒருவர் இருந்தால், ஆங்கிலத்தில் சொல்லத் தெரியாது வாய்மூடியிருக்கும் ஒரு தாய்க்கு அது எத்துணை ஆறுதல்!

ஆகவே நத்தார் விடுமுறைக்கு வீடு திரும்பும் பிள்ளை உளவியல் பற்றிப் பேசத் தொடங்கினால், பேச்சை மாற்றாது பக்கத்தில் இருந்து சற்றே கேளுங்கள். அந்தப் பிள்ளை கேட்க விரும்பும் கேள்வி, வீட்டில் யாரோ ஒருவர் நெடுங்காலமாகக் காத்திருந்த கேள்வியாகவும் இருக்கலாம்.