ஜாக்கியின் பூர்வோத்தரம்

மோட்டார் வண்டியின் சக்கரம் நடுவழியில் காற்றிறங்கிவிட்டால், டிரைவர் முதலில் தேடுவது ஜாக்கியைத்தான். ஆங்கிலத்தில் ஜாக் என வழங்கும் இப்பெயர், ஜான் என்னும் கிறிஸ்தவ நாமத்தின் செல்ல வடிவம். இங்கிலாந்தில் அது மிகச் சாதாரணமான பெயராகிவிடவே, எடுபிடி வேலை செய்யும் பையன் எவனையும் ஜாக் என்றே விளிக்கும் வழக்கம் பரவிற்று. பிற்பாடு, அவன் வேலையை எந்தச் சாதனம் ஏற்றுக்கொண்டதோ அதற்கும் அவன் பெயரையே சூட்டிவிட்டார்கள். அடுப்பெதிரே இறைச்சி கோத்த கம்பியை ஓயாமல் சுழற்றிக்கொண்டிருந்த சிறுவனுக்குப் பதிலாக வந்த பொறியும் ஜாக். குதிகாலைக் கவ்வி பூட்ஸைக் கழற்றும் கவட்டுப் பலகையும் ஜாக். வேலை போன பையன்களின் கதி என்னவாயிற்று என்று அகராதிகள் சொல்வதில்லை.

இவற்றுள் பளு தூக்கும் திருகு ஜாக்கியே நின்று பார்க்கத்தக்கது. ஒன்றரை அடிக் கைப்பிடியைப் பிடித்து ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் நம் கை ஏறக்குறைய ஒன்பதரை அடி தூரம் சுற்றி வருகிறது. மரைகள் கால் அங்குல இடைவெளியில் வெட்டப்பட்டிருந்தால், அதற்குள் வண்டி உயர்வதோ கால் அங்குலமே. தூரத்தில் 450 மடங்கு கொடுத்தவனுக்குப் பலத்திலும் அத்தனை மடங்கு கிடைக்கவேண்டியது நியாயம். ஆனால் மரைகளின் உராய்வு அதில் பாதிக்குமேல் விழுங்கிவிடுகிறது. இதை நஷ்டமென்று வருந்துவோர், கைப்பிடியை விட்டு விலகிய பின்னும் வண்டி இறங்காமல் நிற்பது அதே உராய்வின் உபகாரத்தால்தான் என்பதை அறியவேண்டும். மரைகளிடையே எஃகுக் குண்டுகளை உருளவிட்டு உராய்வைப் போக்கினால், பளுவே திருகைப் பின்னோக்கிச் சுழற்றிக்கொண்டு இறங்கிவிடும். திரவ அழுத்தத்தால் இயங்கும் ஜாக்கிக்கு 1851-இல் நியூயார்க்கில் ரிச்சர்ட் டட்ஜன் காப்புரிமை பெற்றார். அவ்வகை ஜாக்கியில் பளுவைத் தாங்கி நிறுத்தும் காரியத்தைச் சிறு வால்வு செய்கிறது.

சீட்டுக்கட்டின் சேவகனும் ஜாக்கே. ஆயினும் அப்பெயர் வெகுகாலம் பாமரர் பேச்சாகவே கருதப்பட்டது. டிக்கன்ஸின் ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ நாவலில் எஸ்டெல்லா, பிப் என்னும் சிறுவன் அப்படிச் சொன்னதற்காகவே அவனை ஏளனம் செய்கிறாள். பின்னர் சீட்டின் மூலையில் எழுத்து அச்சிடத் தொடங்கியபோது, நேவ் (Knave) என்ற கௌரவப் பெயரின் சுருக்கம் ராஜாவின் எழுத்தோடு குழம்பியது. ஜாக்குக்கு யோகம் அடித்தது.

பலாப்பழத்தின் ஆங்கிலப் பெயரிலும் ஜாக் உண்டு. அது மாத்திரம் இக்குடும்பத்தைச் சேர்ந்ததன்று. மலையாளத்தார் சக்க என்பதைப் போர்த்துக்கீசியர் ஜாக்கா என்று உச்சரிக்க, ஆங்கிலேயர் அதன் வாலை நறுக்கித் தமக்குப் பழகிய பெயராக்கிக்கொண்டனர்.