மேகத்தைக் 'கழித்து'ப் பார்க்கும் செயற்கைக்கோள்

கும்பப்பூ நடவு முடிந்து மேலுரமாக யூரியா இட வேண்டிய நேரம். மலைப்பக்கம் மேகம் கூடி நிற்கிறது. இன்று உரமிட்டால் மழை அடித்துக்கொண்டு போய்விடுமா? நாளை வரை பொறுக்கலாமா? கைபேசியில் வானிலை முன்னறிவிப்பைப் பார்க்கிறீர்கள். அதற்குத் தகவல் தரும் செயற்கைக்கோளுக்கும் மேகம்தான் பெரிய தொல்லை.

நிலமும் காற்றும் எந்நேரமும் அகச்சிவப்புக் கதிரை வெளியிடுகின்றன. இஸ்ரோ 2024 பிப்ரவரி 17-ல் ஏவிய இன்சாட்-3டிஎஸ், சுமார் 36 ஆயிரம் கி.மீ. உயரத்தில் இருந்து இக்கதிரை அளப்பதற்கானது. அதன் 'சவுண்டர்' கருவியில் 19 அலைவரிசைகள். அவற்றில் 18 அகச்சிவப்பு. வெவ்வேறு அலைவரிசைகள் வெவ்வேறு உயரங்களின் நிலையைச் சொல்வதால், எந்த உயரத்தில் எவ்வளவு வெப்பம், ஈரம் என்று கணக்கிட முடிகிறது.

கனத்த மேகம் இக்கதிரை மறித்துவிடும். கருவிக்குத் தெரிவது மேகத்தின் குளிர்ந்த உச்சி மட்டுமே. அதனால் இன்சாட் சவுண்டர் தரவில் பொதுவாக மேகமற்ற இடங்களுக்கே இக்கணக்கைச் செய்கிறார்கள்.

நாசா 2002-ல் ஏவிய அக்வா செயற்கைக்கோளின் 'ஏர்ஸ்' கருவிக்கு வேறொரு வழி கையாளப்பட்டது: பக்கத்துப் பக்கத்தில் உள்ள 9 கட்டங்களை ஒப்பிடுவது. எளிய உதாரணம் பாருங்கள். ஒரு கட்டத்தில் 40 சதவீதம் மேகம், கதிர் 80 அலகு. அடுத்த கட்டத்தில் 80 சதவீதம் மேகம், கதிர் 60 அலகு. மேகம் 40 சதவீதம் கூடியதற்குக் கதிர் 20 அலகு குறைந்திருக்கிறது. எனில், முதல் கட்டத்தின் 40 சதவீத மேகத்தையும் நீக்கினால் கதிர் 100 அலகு இருக்கும். மேகத்தை ஊடுருவும் நுண்ணலைக் கருவியின் அளவு இக்கணக்குக்குத் துணை நிற்கும்.

இதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. கட்டங்களில் மேகத்தின் உயரம் ஒத்திருக்க வேண்டும்; அதன் பரப்பு மட்டும் மாற வேண்டும். எல்லாக் கட்டமும் ஒரேபோல் மூடியிருந்தால் ஒப்பிட எதுவும் இல்லை. 2017 நவம்பர் 30-ல் நம் வாழையையும் ரப்பரையும் சாய்த்த ஒக்கி போன்ற புயல்களின் அடர்ந்த மேகத்துக்குள் இம்முறை எடுபடாது. அங்கே நுண்ணலைக் கருவி, ரேடார், திருவனந்தபுரத்தில் விடும் வானிலை பலூன் போன்றவையே கைகொடுக்கும்.

எனவே வானம் முழுக்க மூடிய நாளில் பழைய முன்னறிவிப்பை நம்பி இருந்துவிடாதீர்கள். செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் வரும் வேளாண் வானிலை அறிவுரையை 'மேகதூத்' செயலியில் பாருங்கள். இடைப்பட்ட நாட்களில் மழை எச்சரிக்கையையும் கவனியுங்கள். சந்தேகம் இருந்தால் யூரியாவை ஒரு நாள் தள்ளிப்போடுங்கள். வடிகாலைத் திறந்துவிட்டு, குலை தள்ளிய வாழைக்கு முட்டுக் கொடுங்கள். ஒரு நாள் தாமதத்தைப் பயிர் தாங்கும். கரைந்தோடிய உரம் திரும்ப வராது.